ஊசிக்குக் காசு தேட முதல் ஒரு டெஸ்ட் இருக்கு, அதைக் கேளுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

உங்கட பேப்பரில போன மாசம் சுகாதாரப் பக்கத்தில பெருங்குடல் கான்சருக்கு செட்டுக்சிமாப் எண்ட நவீன ஊசி இருக்கு, கீமோ மாதிரி உடம்பை வாட்டாமல் கட்டியைத் தேடிப் போய்ப் பிடிக்கும் எண்டு ஒரு செய்தி போட்டிருந்தியள். செய்தி முழுக்கப் பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா அந்த ஊசி எல்லாருக்கும் வேலை செய்யாது, ஆருக்கு வேலை செய்யாது எண்டு முதலே டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம், பாக்காமல் போடவே கூடாது, இந்த ஒரு வரி அதில இல்லை. அது இல்லாததால எங்கட பக்கத்துச் சனத்துக்கு என்ன நடக்குது எண்டு கண்ணால கண்டிருக்கிறன், அதால தான் எழுதுறன். நான் விசுவமடுப் பக்கம் உயர்தரப் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன், டொக்டர் இல்லை, ஆனா செல் சிக்னல் பாடத்தை ஒவ்வொரு வருசமும் எடுக்கிற ஆள் எண்டபடியால இந்த விசயத்தைத் தேடித் தேடி வாசிச்சுக் கொண்டு வாறன். கடிதம் கொஞ்சம் நீளும், தயவு செய்து வெட்டாமல் போடுங்கோ.

முதல்ல குடலுக்குள்ள என்ன நடக்குது எண்டு சொல்ல வேணும், அது விளங்கினால் தான் ஊசிக் கதை விளங்கும். எங்கட பள்ளிக்கூட லாப்பில ஒரு பழைய ஸ்லைட் இருக்கு, குடலின்ர குறுக்குவெட்டு, கண்ணாடியின்ர ஒரு மூலை உடைஞ்சு போச்சு, ஆனாலும் மைக்கிரஸ்கோப்பில வைச்சால் ரோஸ் கலர் சாயத்துக்குள்ள சின்னச் சின்னக் குழியள் வரிசையாத் தெரியும். பெரிய லென்சைப் போட்டால் ஒவ்வொரு குழியின்ர அடியிலயும் கருநீலமா நியூக்கிளியசுகள் நெருக்கியடிச்சுக் கொண்டு நிக்கும். அந்த அடியில தான் ஸ்டெம் செல் இருக்கு. அது பிரிஞ்சு புதுச் செல் வரும், புதுச் செல் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும், ஏற ஏற பிரியிறதை நிப்பாட்டிப் போட்டு தண்ணி உறிஞ்சிறது, சளி சுரக்கிறது எண்டு தன்ர வேலையைப் பாக்கும், நாலஞ்சு நாளில உதிர்ந்து மலத்தோட போயிடும். எங்கட எல்லாற்ற குடலிலயும் இந்த நிமிசமும் இது நடந்து கொண்டு தான் இருக்கு.

அடியில நிக்கேக்க பிரி எண்டும் மேல வந்தாப் பிறகு காணும் நிப்பாட்டு எண்டும் அந்தச் செல்லுக்கு ஆர் சொல்லுறது? பிள்ளையளிட்ட நான் முதல் கேக்கிற கேள்வி இது தான். சொல்லுறது விண்ட் எண்டொரு புரதம். குழியின்ர அடியைச் சுத்தி இருக்கிற செல்லுகள் அதை வெளியில விடும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பீட்டா கட்டெனின் எண்டு இன்னொரு புரதம் உருவாகிக் கொண்டே இருக்கு, விண்ட் கிட்ட இல்லாத நேரம் ஏபிசி எண்ட புரதமும் அதோட சேர்ந்த வேற சில புரதங்களும் ஒண்டா நிண்டு அதைப் பிடிச்சு அழிச்சுப் போடும். விண்ட் வந்து செல்லின்ர வெளிச்சவ்வில பிடிச்சால் அந்த அழிக்கிற கூட்டம் செயல்படாது, பீட்டா கட்டெனின் சேர்ந்து நியூக்கிளியசுக்குள்ள போய் பிரியிறதுக்கான ஜீன்களை ஓன் பண்ணிவிடும். செல் மேல ஏறி விண்டை விட்டுத் தூரப் போனதும் திரும்ப அழிப்பு தொடங்கும், பிரியிறது நிக்கும். இவ்வளவு நுணுக்கமா ஒரு கட்டுப்பாடு, ஒருநாளும் நாங்கள் நினைச்சுப் பாக்காத இடத்தில.

இந்த ஏபிசி ஜீன் பழுதானால்? விண்ட் இருந்தாலென்ன இல்லாட்டில் என்ன பீட்டா கட்டெனினை அழிக்க ஆளில்லை. மேல ஏறின செல் இன்னும் அடியில நிக்கிற மாதிரியே பிரிஞ்சு கொண்டிருக்கும், உதிர வேண்டிய செல் உதிராது, அந்த இடத்தில ஒரு சின்ன முளை வரும். அதைத்தான் பொலிப் எண்டு சொல்லுறது. பெருங்குடல் கான்சர்களில கிட்டத்தட்ட 80 வீதத்தில இந்த ஏபிசி பழுதாகி இருக்கு, பெரும்பாலும் இது தான் முதல் படி. 1991ல தான் இந்த ஜீனைக் கண்டுபிடிச்சவை, அதுவும் பரம்பரையா குடல் முழுக்க நூற்றுக்கணக்கில ஆயிரக்கணக்கில பொலிப் வாற குடும்பங்களை ஆராய்ஞ்சு கொண்டு போகேக்க.

ஆனா பொலிப் கான்சர் இல்லை. அது கான்சரா மாற இன்னும் சில ஜீன் பழுதாக வேணும். அமெரிக்காவில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ்ல இருந்த ஃபியரோனும் வோகல்ஸ்டைனும் 1990ல இதை ஒழுங்கு பண்ணி எழுதிச்சினம், படிப்படியா ஒண்டுக்குப் பிறகு ஒண்டு. இப்ப தெரிஞ்சபடி சொன்னால் முதல் ஏபிசி, பேந்து செல்லை வளரச் சொல்லுற கேராஸ் எண்ட ஜீன், பிறகு வளராதே எண்டு சொல்லுற டிஜிஎஃப் பீட்டா சிக்னலைக் கொண்டு போற ஸ்மாட் 4, கடைசிக் கிட்ட பி53, அது டிஎன்ஏ பழுதான செல்லை நிப்பாட்டிற அல்லது சாகப் பண்ணிற ஜீன். எல்லாற்ற கட்டியிலயும் இதே ஒழுங்கில தான் நடக்கும் எண்டில்லை, ஆனா சின்னப் பொலிப்பில இருந்து கான்சர் வாறதுக்கு பெரும்பாலும் பத்து வருசம் அளவில எடுக்கும். பத்து வருசம் ஐயா! அந்தப் பத்து வருசத்தில எப்ப மலவாசலால கமரா விட்டுப் பாத்தாலும் பெரும்பாலும் பொலிப்பை அதே கமராவால அப்பிடியே வெட்டி எடுத்துப் போடலாம், கான்சர் எண்ட சொல்லே அந்த வீட்டுக்குள்ள வராது.

எங்கட பக்கம் அந்தக் காலம் எப்பிடிப் போகுது எண்டால், வெளிக்குப் போகேக்க ரத்தம் கண்டால் மூலம் எண்டு தாங்களே முடிவு கட்டிப் போடுவினம். கடையில ஒரு களிம்பு, தெரிஞ்ச ஆளிட்ட ஒரு குளிசை, உறைப்பைக் குறைக்கிறது, அவ்வளவு தான். பொம்பிளையள் அதைக் கூட வாய் திறந்து சொல்ல மாட்டினம், பெத்த மகளுக்கும் சொல்லாதவையை எனக்குத் தெரியும். மூலத்திலயும் ரத்தம் வரும் தான், கூட ஆக்களுக்கு அது மூலமாத்தான் இருக்கும், ஆனா நாப்பது அம்பது தாண்டின ஆளுக்கு ரத்தம் போனால், வெளிக்குப் போற பழக்கம் கிழமைக்கணக்கில மாறினால், காரணம் தெரியாமல் மெலிஞ்சால், வயசான ஆம்பிளைக்கு ரத்தம் குறைவு எண்டு ரிப்போட் வந்தால் அதை மூலம் எண்டு நம்பிக் கொண்டு இருக்கிறது பெரிய ஆபத்து. அப்பா அம்மா கூடப் பிறந்தவை ஆருக்கும் இது வந்திருந்தால் ஒரு குறையும் இல்லாட்டிலும் நாப்பது வயசிலயே, இல்லாட்டில் அவைக்கு வந்த வயசுக்கு பத்து வருசம் முதலே, எது முந்தியோ அப்ப பாக்க வேணும்.

சாப்பாட்டில மருந்தடிக்கிறதால தான் எல்லாக் கான்சரும் எண்டு எங்கட சனம் கதைக்கிறதையும் ஒருக்கா சொல்ல வேணும். வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கவனமாப் பாவிக்க வேணும், அது வேற விசயம். பெருங்குடல் கான்சருக்கு உறுதியாத் தெரிஞ்ச காரணங்கள் மது, சிகரட், உடம்பு பெருக்கிறது, அசையாமல் இருக்கிறது, சொசேஜ் மாதிரிப் பதப்படுத்தின இறைச்சி. கடைசியாச் சொன்னதை உலக சுகாதார நிறுவனத்தின்ர கான்சர் பிரிவு 2015ல கான்சர் உண்டாக்கும் எண்ட முதலாவது குழுவில போட்டிட்டுது. இப்ப கிளிநொச்சியில எந்தச் சுப்பர் மாக்கட்டுக்குப் போனாலும் அது தான் பிள்ளையளின்ர காலைச் சாப்பாட்டுக்கு வாங்குப்படுது.

சரி, ஊசிக்கு வாறன்.

செல்லின்ர வெளிச்சவ்வில ஈஜிஎஃப்ஆர் எண்டு ஒரு வாங்கி இருக்கு. வளர் எண்ட சிக்னல் வெளியில இருந்து வந்து அதில பிடிச்சால் உள்ளுக்க கேராஸ் ஓன் ஆகும், அது பிராஃப் எண்டதை ஓன் பண்ணும், அது மெக், பிறகு ஏர்க், இப்பிடியே கை மாறிக் கை மாறி நியூக்கிளியஸ் வரைக்கும் போய் செல் பிரியும். உங்கட செய்தியில வந்த செட்டுக்சிமாப் எண்ட ஊசி, பானிட்டுமுமாப் எண்டு இன்னொண்டும் இருக்கு, ரெண்டும் செய்யிற வேலை மேல இருக்கிற ஈஜிஎஃப்ஆரை மூடிறது. மூடினால் கீழ ஒண்டும் போகக் கூடாது. நல்ல யோசனை தான், செட்டுக்சிமாப்புக்கு 2004லயே அமெரிக்காவில அனுமதி குடுத்திட்டினம்.

ஆனா கேராஸ் புரதம் சாதாரணமா ஓன் ஆகி வேலை முடிய தானாவே ஓஃப் ஆகிற ஒண்டு. அதின்ர 12ம் இடத்தில அல்லது 13ம் இடத்தில இருக்கிற கிளைசின் எண்ட ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் போச்செண்டால் அதுக்கு ஓஃப் ஆக ஏலாது, மேல இருந்து ஆரும் சொல்லாமலே வளர் வளர் எண்டு கீழ அனுப்பிக் கொண்டே இருக்கும். இதை எங்கட கமக்காரருக்கு விளங்கப்படுத்திறது சுகம். இரணைமடுக் குளத்தின்ர துருசை, அதாவது தண்ணி திறக்கிற மதகை, பூட்டினால் கீழ வாய்க்காலில தண்ணி நிக்கும், ஆனா வாய்க்காலின்ர பாதியில வேற பக்கத்தால தண்ணி உள்ளுக்க விழுந்து கொண்டிருந்தால் மேல துருசை எவ்வளவு இறுக்கிப் பூட்டியும் என்ன பிரயோசனம், வயலுக்குத் தண்ணி பாய்ஞ்சு கொண்டு தான் இருக்கும். பெருங்குடல் கான்சர் ஆக்களில நூறில நாப்பது பேர் அளவில கேராஸ் இப்பிடி மாறின ஆக்கள். அவைக்கு அந்த ஊசி மேல துருசைப் பூட்டிற வேலை.

இது என்ர சொந்த அபிப்பிராயம் இல்லை. 2008ல கனடாவிலயும் அவுஸ்திரேலியாவிலயும் செய்த ஆய்வு வெளிவந்தது, வேற எல்லா மருந்தும் போட்டு முடிஞ்ச ஆக்களை வைச்சுச் செய்தது. கேராஸ் மாறாத ஆக்களில செட்டுக்சிமாப் போட்டவை இடையக் கணக்கில, அதாவது பாதிப் பேர் அதுக்கு மேல பாதிப் பேர் அதுக்குக் கீழ எண்ட கணக்கில, 9.5 மாசம் உயிரோட இருந்தவை, போடாதவை 4.8 மாசம். கேராஸ் மாறின ஆக்களில போட்டவை 4.5 மாசம், போடாதவை 4.6 மாசம். அந்த நாலு எண்ணையும் ஒருக்கா நிதானமாப் பாருங்கோ ஐயா. வேலை செய்யிற ஆளுக்கும் அது குணமாக்கிற மருந்து எண்டு சொல்ல ஏலாது, மாசக்கணக்கில ஆயுளைக் கூட்டித் தாற மருந்து, அதுவும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய விசயம் தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. வேலை செய்யாத ஆளுக்கு ஒரு நாள் கூடக் கூடேல்லை.

எங்கட றோட்டில ஒரு ஐயா இருந்தவர், வயல் செய்தவர், சண்டைக்குப் பிறகு முகாமில இருந்து திரும்பி வந்து காடு மூடிக் கிடந்த காணியைத் தானே வெட்டித் துப்பரவாக்கி எடுத்த மனுசன். அவருக்கு கனகாலம் மூலம் எண்டு தான் இருந்தது. கமரா விட்டுப் பாக்கேக்க மலக்குடலுக்கு மேல கட்டி, ஈரலுக்கும் பரவியிட்டுது. அரசாங்க ஆஸ்பத்திரியில கீமோ குடுத்தவை. பிறகு சுவிஸ்ல இருக்கிற மருமகனுக்கு ஆரோ வட்ஸ்அப்பில இந்த ஊசியைப் பற்றி அனுப்பி, அவர் அங்க கடன் எடுத்து, இஞ்ச வயல்ல ஒரு துண்டை ஈடு வைச்சு, ஒரு தனியார் இடத்தில ஊசி போடத் தொடங்கிச்சினம். லட்சக் கணக்கில காசு. ஒவ்வொரு ஊசிக்கும் விடிய முதல் பஸ் எடுத்துப் போறது, பின்னேரம் திரும்பி வாறது.

கொஞ்ச நாளில அவற்ற முகம், நெஞ்சு, முதுகு எல்லாம் பரு மாதிரிப் பொங்கி தோல் வெடிச்சுப் போச்சு, தலகாணியில முகத்தை வைக்க ஏலாது, அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு வைப்பா. அது மருந்து வேலை செய்யிறதின்ர அடையாளம் எண்டு ஆரோ சொல்ல வீட்டில எல்லாரும் சந்தோசப்பட்டவை, அந்தப் பருவைப் பாத்துச் சந்தோசப்பட்டவை. தோல் செல்லிலயும் ஈஜிஎஃப்ஆர் இருக்கு, ஊசி அதையும் மூடும், அதால தான் பரு. உள்ளுக்க கட்டிக்கு ஒண்டும் நடக்காட்டிலும் பரு வரும். பிறகு வேற ஒரு டொக்டர் கேராஸ் பாத்தனீங்களோ எண்டு கேட்ட பிறகு தான் டெஸ்டுக்கே அனுப்பினது. ரிப்போட்டை அவை கடைச் சொப்பிங் பாக்குக்குள்ள மடிச்சு வைச்சு என்னட்டக் கொண்டு வந்து காட்டிச்சினம், முழுக்க இங்கிலீசு, கடைசி வரிக்கு முதல் வரியில 12ம் இடம் மாற்றம் எண்டு போட்டிருந்தது. அதை அவைக்கு வாசிச்சுச் சொன்ன ஆள் நான். போட்ட ஊசி ஒண்டும் அவருக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை. அவர் இப்ப இல்லை. ஈடு வைச்ச வயல் இன்னும் மீளேல்லை.

இதில எனக்கு ஆத்திரம் வாறது எங்க எண்டால், அந்த டெஸ்டுக்கு ஆளைத் திரும்ப வெட்டவோ குத்தவோ பெரும்பாலும் தேவையில்லை. முதல் பயப்ஸி எடுக்கேக்க அல்லது ஒப்பரேசன் செய்யேக்க எடுத்த சதைத்துண்டை மெழுகுக்குள்ள பதிச்சு பிளாக் எண்டு லாப்பில வைச்சிருப்பினம். அந்தப் பிளாக்கில இருந்து சில மெல்லிய சீவல் காணும். கேராஸ், அதைப் போலவே வேலை செய்யிற என்ராஸ் எண்ட ஜீன், பிராஃப் மூண்டையும் அதிலயே பாக்கலாம். ஊசியின்ர விலையோட பாத்தால் டெஸ்டின்ர விலை சின்னனோ சின்னன். காசை வாங்க முதல் இதைச் சொல்லாமல் விட்டது எப்பிடி நியாயமாகும்?

பிராஃப் எண்டு ஏன் சொன்னனான் எண்டால் அதில இன்னொரு சிக்கல் இருக்கு, செல் எவ்வளவு கெட்டித்தனமாத் தன்னைச் சரி பண்ணும் எண்டு காட்டிற சிக்கல். பிராஃப்பில 600ம் இடம் மாறினால் அதுவும் ஓஃப் ஆகாது, பெருங்குடல் கான்சரில நூறில எட்டுப் பத்துப் பேருக்கு அப்பிடி இருக்கும். மெலனோமா எண்ட தோல் கான்சரிலயும் இதே மாற்றம் இருக்கு, அதுக்கு பிராஃப்பை நிப்பாட்டிற குளிசை குடுத்தால் கட்டி வடிவாச் சுருங்குது. அதே குளிசையை பெருங்குடலுக்குக் குடுத்தால் கட்டி அசையேல்லை. ஏன் எண்டதை 2012ல நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சவை. சாதாரணமா கீழ சிக்னல் கூடினால் மேல ஈஜிஎஃப்ஆரைக் குறைக்கச் சொல்லி ஒரு தகவல் திரும்பி வரும். குளிசையால கீழ சிக்னல் நிண்டதும் அந்தத் தகவலும் நிண்டு போகுது, உடன ஈஜிஎஃப்ஆர் முழு வேகத்தில எழும்பி வேற வழியால செல்லை வளர்க்குது. மெலனோமா செல்லில ஈஜிஎஃப்ஆர் குறைவு, அதால அங்க அந்தப் பிரச்சினை இல்லை. இது விளங்கின பிறகு தான் ரெண்டையும் ஒண்டாப் பூட்டிற யோசனை வந்தது, பிராஃப் குளிசையான என்கோரஃபெனிப்பையும் செட்டுக்சிமாப்பையும் சேர்த்துக் குடுக்க 2020ல அமெரிக்காவில அனுமதி குடுத்தவை. கேராஸ் மாற்றத்திலயும் ஒரு குறிப்பிட்ட வகைக்கு, நூறில மூண்டு நாலு பேருக்கு இருக்கிறது, இப்ப நேரடியாக் குளிசை வந்திட்டுது, அதையும் ஈஜிஎஃப்ஆர் ஊசியோட சேர்த்துத் தான் குடுக்கினம், காரணம் அதே தான். அவற்ற கான்சருக்கு இந்த மருந்து சரிவந்தது இவருக்கும் வாங்குவம் எண்டு மருந்தின்ர பேரை வெளிநாட்டில இருந்து அனுப்பிறவை இந்த இடத்தை ரெண்டு தரம் வாசிக்க வேணும்.

அதே மெழுகுப் பிளாக்கில எம்எஸ்ஐ எண்ட டெஸ்டும் செய்யலாம், டிஎன்ஏயில வாற எழுத்துப்பிழையைத் திருத்திற புரதங்கள் சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறது. அந்தத் திருத்தம் நடக்காத கட்டிக்கு இம்யூனோதெரபி, உடம்பின்ர நோய் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிரா எழுப்பிற மருந்து, நல்லா வேலை செய்யும், அதோட அது பரம்பரையா வாற லிஞ்ச் எண்ட நிலையாவும் இருக்கலாம், அப்பிடியெண்டால் பிள்ளையளையும் சகோதரங்களையும் பரிசோதிச்சுப் பாக்க வேணும். ஒரு ஆளின்ர ரிப்போட் ஒரு குடும்பத்தையே காப்பாத்தும்.

தெல்லிப்பழையில கான்சர் ஆஸ்பத்திரி எழும்பினது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும், 2011ல தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து சேர்த்த காசும் அதுக்குள்ள இருக்கு, சிங்களச் சனம் தமிழ்ச் சனம் எல்லாரும் போட்ட காசு. கட்டிடம் வந்திட்டுது, நல்ல டொக்டர்மாரும் இருக்கினம். எங்கட வன்னிச் சனத்துக்கு இப்ப தேவை விளக்கம், தாங்கள் என்ன கேக்க வேணும் எண்ட விளக்கம்.

அதால உங்களிட்ட நான் கேக்கிறது இது தான் ஐயா. கேராஸ், என்ராஸ், பிராஃப், எம்எஸ்ஐ டெஸ்டுகளை வடக்கில இருக்கிற ஒரு நோயாளிக்கு எங்க செய்விக்கலாம், பிளாக்கை ஆர் அனுப்ப வேணும், எத்தினை நாளில ரிப்போட் வரும், அரசாங்கத்தால எவ்வளவு, தனியாரில எவ்வளவு எண்டு சுகாதாரத் திணைக்களத்திட்ட விசாரிச்சு ஒரு முழுப் பக்கம் போடுங்கோ. ரிப்போட் முடிவை கிளினிக் கொப்பியில தமிழில ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லி டொக்டர்மாரிட்டயும் உங்கட பேப்பர் மூலமாக் கேளுங்கோ. இனி ஊசிச் செய்தி எது போட்டாலும் இந்த டெஸ்ட் எடுத்தாச்சோ, எந்த ஜீன் மாறியிருக்கு, கட்டி பெருங்குடலின்ர வலப்பக்கமோ இடப்பக்கமோ, இந்த மருந்தால எத்தினை மாசம் எதிர்பாக்கலாம் எண்ட நாலு கேள்வியையும் ஒரு பெட்டி கட்டி அதுக்குப் பக்கத்தில போடுங்கோ. வலம் இடம் ஏன் எண்டால் வலப்பக்கக் கட்டிக்கு கேராஸ் மாறாட்டிலும் இந்த ஊசி பெரிசா உதவுறேல்லை எண்டு பிறகு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கு. விசாரிக்க ஆள் காணாதெண்டால் சொல்லுங்கோ, என்னட்டப் படிச்ச பிள்ளையள் ரெண்டு பேர் இப்ப லாப்பில வேலை செய்யினம், நாங்கள் சேர்ந்து தகவல் எடுத்துத் தாறம், டொக்டர் ஒராளைக் கொண்டு சரிபாத்துப் போட்டு நீங்கள் போடலாம்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை,
விசுவமடு.